பிள்ளை மாற்றிப் பால் கொடுத்த நாட்கள்

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எழுபதுகளின் கடைசி. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. பழைய வேட்டித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, "புள்ளைய விட துணி வெயிட் ஜாஸ்தி" என்றார் என் கணவர். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

பால் போதவில்லை என்பது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுப்பாள், மூன்றாவதில் தூங்கிவிடுவாள். உள்ளங்காலைச் சுண்டினாலும் கண் திறக்க மாட்டாள். அரை மணி கழித்துப் பசியில் முனகுவாள். பிழிந்து பாலாடையில் புகட்டலாம் என்றால் அதன் அடி நனையும் அளவுக்குத்தான் வரும். நாளாக ஆக அதுவும் குறைந்தது.

மலையடிவாரக் கோயிலின் பே கோபுரத்துக்குப் பக்கத்தில் நான்கு போர்ஷன் கொண்ட வீட்டில் குடியிருந்தோம். நடுவில் பொதுக் கிணறு. கணவருக்கு தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. எனக்கு அம்மா இல்லாததால், செங்கம் பக்கத்திலிருந்து மாமியார் வந்து பிரசவம் பார்த்தார். குறையே சொல்ல முடியாது. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். தினமும் முருங்கைக்கீரை. கடைத்தெரு முழுக்க அலைந்து சுறாக் கருவாடு வாங்கி வந்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். நான் பெருத்தேனே தவிர, பால் ஊறவில்லை.

"நாலு பெத்தேன், ஒண்ணுக்கும் பால் பத்தலன்னு ஆனதில்ல" என்று ஒருநாள் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொன்னதல்ல. ஆனாலும் துணி துவைக்கிற சாக்கில் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

பால் பவுடர் டப்பா வாங்கினோம். புட்டியில் கொடுத்த மூன்றாம் நாளே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்சம்மா எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "புள்ள நல்லா உறிஞ்சினாத்தாம்மா பால் ஊறும். இதுக்கு உறிஞ்சத் தெம்பில்ல. பால் இல்லாம தெம்பு எங்கேர்ந்து வரும்?" புட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார்.

அன்று கிணற்றடியில் இதை அடுத்த போர்ஷன் பெண்ணிடம் சொன்னேன். அவள் கணவர் தையல்காரர். பல தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம். அவளுக்கு நான்கு மாதத்தில் ஒரு ஆண் குழந்தை, நல்ல புஷ்டி. அவள் ஜாக்கெட் எந்நேரமும் பாலில் நனைந்திருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மறுநாள் காலை, கணவர் ஆபீஸ் கிளம்பும் நேரத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, இவன் இழுக்கிற இழுப்புக்குக் கல்லுல கூட பால் வரும். இவன உங்ககிட்ட விடறேன். உங்க பொண்ண எங்கிட்ட குடுங்க. எனக்கு தானாவே வழியுது, அது முழுங்கினா போதும்."

 மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவள் அவரையும் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். எங்கள்ல, ஒரே தாய்கிட்ட பால் குடிச்சா அதுங்க கூடப்பொறந்ததுங்க. அப்புறம் மாத்த முடியாது. எங்க வீட்டுல கேட்டுட்டுத்தான் வந்தேன், அவரு சரின்னுட்டாரு. நீங்களும் கேட்டுக்கோங்க."

கணவர் தன் அம்மாவைப் பார்த்தார். மாமியார் குழந்தையைப் பார்த்தார். பிறகு எழுந்து பாயை எடுத்து விரித்தார். "கேக்கறதுக்கு இன்னா இருக்குது? புள்ள பொழைக்கணும். குந்தும்மா."

பையன் என் முகத்தைப் பார்த்து மிரண்டான். அம்மாவைத் தேடித் தலையைத் திருப்பினான். பசி வென்றது. அவன் கவ்வி இழுத்தபோது வலி என் தோள்பட்டை வரை வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்க மார்பில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்து பார்த்தால் துளித்துளியாகப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

அதே சமயம் எதிரில் என் மகள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. அவள் பிறந்து அதுவரை நான் கேட்டிராத சத்தம். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது பொறாமை. என் குழந்தை இன்னொருத்தி மடியில் வயிறு நிறைகிறாளே என்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அழுவாதீங்கக்கா. கொஞ்ச நாளைக்குத்தான். உங்க பொண்ணு உங்ககிட்டயே வந்துடும்."

தினமும் காலையும் மதியமும் இப்படியே நடந்தது. பையன் இழுத்துப் பாலை இறக்கிவிட்டதும் அவனை எடுத்துவிட்டு, சொட்டச் சொட்ட என் மகளை வைப்போம். சும்மா வழிகிற பாலை அவள் விழுங்குவாள். போகப் போகப் பையன் என்னைக் கண்டாலே கையை நீட்டிக்கொண்டு தாவினான். "பாருங்க, பெத்தவள மறந்துட்டான்" என்று அவள் பொய்க் கோபம் காட்டுவாள்.

பத்து நாள் கழித்துப் பையனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தது. எங்கள் குழந்தைக்குத் தொற்றக் கூடாது என்று அவளே வராமல் நின்றுவிட்டாள். இனி வற்றிவிடும் என்று பயந்தேன். வேறு வழியில்லாமல் மகளை நானே மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இழுத்தாள். மூன்றாவது இழுப்புக்குப் பிறகும் தூங்கவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "பத்து… பதினொண்ணு… ஏய், நிறுத்தலடி இவ!" எண்ணிக்கை முப்பதைத் தாண்டியபோது எண்ணுவதை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் தேறி வரும்வரை நான்கு நாளும் நானும் மகளுமாகச் சமாளித்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எடை மூன்று கிலோவைத் தொட்டிருந்தது. நர்சம்மா ஆச்சரியப்பட்டு, "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். "ரெண்டு அம்மா பால் குடிக்குது எங்க புள்ள" என்று மாமியார் பெருமையாகச் சொன்னார்.

எனக்குக் கடைசி வரை பால் பெருகி வழியவில்லை. காலையில் போதும் போதுமென்று இருக்கும், சாயங்காலம் பத்தாது. மூன்றாம் மாதம் பிள்ளை மாற்றுவதை நிறுத்தியதிலிருந்து சாயங்காலத்துக்குப் பசும்பாலைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் இருக்கவில்லை. பதினோராம் மாதம் அவள் கிணற்றடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மகன் பிறந்தான். மாதம் நிறைந்து பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அடுத்த போர்ஷன்காரி பார்க்க வந்தாள். அவன் முட்டி மோதிக் குடிப்பதையும் கடைவாயில் பால் வழிவதையும் குனிந்து பார்த்தாள்.

"இவன் எனக்கு வேலையே வெக்க மாட்டான் போலிருக்கே" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"தூக்கிக்கோ" என்று அவனை அவள் கையில் கொடுத்தேன்.