‘தெரியாது’ என்று எழுதிக்கொடுத்த மிளகா அக்கா

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிளகா அக்கா என்றால்தான் தெரியும். கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சர்வர் அறை என்று சொல்வார்களே தவிர, அது மாடிப்படிக்குக் கீழே கதவு வைத்து ஏசி மாட்டிய ஒரு பொந்து. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். “மேனேஜரே குனிஞ்சு வர்ற ஒரே ரூம் இதுதான் தம்பி” என்பார்.

வீட்டிலும் அதே காரம்தான். ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்த அவருடைய மாமியார் என்னிடம் அலுத்துக்கொண்டார். “உப்பு போதுமான்னு கேட்டா, யாருக்குன்னு கேக்குறாப்பா. நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்க?”

நாங்கள் சாக்கடைக் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்பதற்காக ஊரிலிருந்து பஸ் ஏறி வரவில்லை. அப்படிப்பட்ட என்னை மேனேஜர் ஒருநாள் காலையில் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். ஒரு வரைபடத்தில் குழாயின் சரிவு தலைகீழாகக் கிடந்தது. அதன்படி தோண்டினால் சாக்கடை மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

“ஃபைலோட ஓனர்னு உன் பேர்தான் வருது.”

“சார், அந்த வேலை நான் சேர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு.”

“தேதி அப்படிச் சொல்லலையே?”

மிளகா அக்காவின் கையெழுத்தோடு மத்தியானத்துக்குள் அறிக்கை வர வேண்டும், வந்ததும் நான் மூட்டை கட்ட வேண்டும். அதுதான் உத்தரவு.

பொந்துக்குள் போய்ச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார். “ஃபைல் மேல பேரே கிடையாது தம்பி. வெறும் நம்பர்தான். அந்த நம்பர் யாருன்னு அந்தந்த மெஷின் தன்கிட்ட இருக்கிற ஆளுங்களைப் பாத்துச் சொல்லும். பழைய மெஷின்ல அது வேற யாரோ. புது மெஷின்ல அதே நம்பர் உனக்கு விழுந்திருக்கு. மேனேஜர் பார்த்த தேதியும் புது மெஷினுக்கு நகல் எடுத்த தேதி. மெஷினை வித்தவங்களே எல்லாத்தையும் மாத்திக் குடுப்பாங்கன்னு அவர் என்னை வெளியே நிக்க வெச்சாருல்ல? அதோட லட்சணம் இது.”

“பழைய மெஷினைப் பாத்தா தெரிஞ்சுடுமே, அக்கா?”

“அது பழைய இரும்புக்குப் போயாச்சு. வேண்டாம்னு கத்தினேன். யார் கேட்டா?”

எங்களிடம் மூன்று ரகக் கணினிகள் உண்டு. ஓனர் யார் என்று ஒன்றிடம் கேட்கும் கட்டளையை இன்னொன்றிடம் சொன்னால் முறைக்கும். அதனால் அக்கா தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றிடமும் அதனதன் பாஷையில் கேட்டு, முதலில் நம்பர், பிறகு ஆள், பிறகு ஃபைலில் கை வைக்க அனுமதி உள்ள குரூப் என்று சொல்லும். ஆள் கிடைக்காவிட்டால் ‘தெரியாது’ என்று போடும்.

அந்த ஃபைல் இருந்த டிஸ்கைக் கழற்றிக்கொண்டு வரைகிற ஹாலுக்கு நடந்தார். மேனேஜரையும் வரச் சொன்னார். அங்கிருந்த வேறு ரகக் கணினியில் டிஸ்கைச் செருகி, புரோகிராமை ஓட்டினார். நம்பர் அதேதான். பக்கத்தில் வந்த பெயர் மேனேஜருடையது. அந்தக் கணினி வாங்கிய நாளில் முதல் ஆளாகத் தன்னைப் பதிந்துகொண்டவர் அவர்; அந்த நம்பர் அங்கே அவருக்கு விழுந்திருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

“என்னம்மா இது?”

“உங்க கணக்குப்படி சாக்கடையை மேல ஏத்தினது நீங்கதான் சார்.”

“விளையாடுறியா? அந்த ஃபைலை நான் தொட்டதே இல்ல!”

“காலைல இந்தத் தம்பியும் இதையேதான் சொன்னான்.”

மேனேஜர் குரலைத் தணித்தார். “சரி, இவன் வேண்டாம். வேலையை விட்டுப் போனவன் எவன் பேரையாவது போடு. வாடிக்கையாளருக்கு ஒரு பேர் காட்டணும்.”

“சரியான ஓனரே கிடைச்சாலும் ஃபைல் யாருதுன்னுதான் தெரியும் சார். கெடுத்தது யாருன்னு தெரியாது. குரூப்ல இருந்த எல்லாருக்கும் அதுல கை வைக்க அனுமதி இருந்துச்சு. உங்களுக்கும் சேத்துத்தான்.”

“கையெழுத்து போடலைன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

“போட மாட்டேன்னு யார் சொன்னா? உண்மைக்குக் கீழ எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடுறேன்.”

போட்டார். நம்பர், அதன் கீழே ‘ஓனர்: தெரியாது’, அதன் கீழே ‘குரூப்: வரைபடப் பிரிவு’. மேனேஜர் கசக்கி எறிந்தார். அக்கா இன்னொன்று அச்செடுத்தார். ‘விசாரணையில் உள்ளது’ என்றாவது மாற்று என்றார் மேனேஜர். “யாரும் விசாரிக்கப் போறதில்ல சார். எதுக்கு வீண் பொய்?”

கடைசியில் அதுவேதான் போனது. வாடிக்கையாளர் ஆளைக் கேட்கவே இல்லை. சரியான வரைபடம் கேட்டார். சரிவைத் திருத்தி நான்தான் வரைந்து கொடுத்தேன்.

அடுத்து வந்த பதவி உயர்வில் அக்காவின் பெயர் இல்லை. எனக்குத்தான் கொதித்தது. “என்னாலதானே அக்கா?”

“உனக்காகவா பண்ணினேன்? ரொம்ப நினைப்புதான். நான் ‘தெரியாது’ன்னு எழுதினா தெரியாதுதான். அதை மாத்த எவனுக்கும் உரிமை கிடையாது. போ, போய் ஒழுங்கா வரை.”

நான் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறேன். அவர் அதே பொந்தில் இருக்கிறார். நேற்றும் ஏதோ ஒரு ஃபைல் யாருடையது என்று கேட்க மேனேஜர் அங்கே வந்தார். குனிந்துதான் உள்ளே போனார்.