ஒன்று வாங்கினால் ஒன்று

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கக்கூட எவர்சில்வர் டப்பா கொண்டுபோய், பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவன் நான். அப்பா இறந்தபோது மட்டும் என் பேச்சு எடுபடவில்லை.

செத்தவர் படுத்த தலையணையை வீட்டில் வைக்கக் கூடாது, கண்மாயில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இலவம்பஞ்சு என்றால் மக்கிப்போகும். அப்பாவுடையது ஃபோம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ராஜபாளையத்தில் நான்தான் வாங்கி வந்தேன், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மா இரண்டுக்கும் ஒரே நீலப்பூத் துணியில் உறை தைத்தார்.

"இது மக்காதும்மா" என்றேன்.

"அவிய போன அன்னைக்கா ஒன் நியாயத்தப் பேசுவ?" என்றார் அம்மா. கொண்டுபோய்க் கண்மாயில் போட்டேன்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தும் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வரவில்லை. மடை அடைத்திருந்தது. முங்கி எழுந்த மடைக்காரர் சேறேறிக் கனத்த தலையணைகளாக எடுத்து எறிந்தார். ஏழாவதோ எட்டாவதோ, நீலப்பூ உறையோடு என் காலடியில் விழுந்தது.

"எவன் வீட்டுதுலே இது? இம்புட்டு நாள் கெடந்தும் மக்கல பாரு!"

"தெரியலண்ணே" என்றேன்.

அவற்றை எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. கரையிலேயே குவித்துவிட்டு வந்தோம். அடுத்த மழைக்குத் திரும்பவும் உள்ளே போய்விடும்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். இன்னொரு நீலப்பூத் தலையணை என் தலைக்கடியில் மெத்தென்று இருந்தது. இதை என் மகன் எங்கே கொண்டுபோய்ப் போடுவான் என்று எனக்குத் தெரியும்.