மகள் எடுத்த முதல் படம்

தம்பியின் வீடியோ கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் ரப்பர் வளையத்தில் எப்போதும் கல்யாண வீட்டுச் சந்தனமும் வியர்வையும் மணக்கும். மாத்தளை டவுனில் எங்கள் ஆட்களின் கல்யாணங்களுக்கெல்லாம் ரவிதான் 'வீடியோக்காரன்'. ஊரையே படம்பிடித்தவன், தான் மட்டும் ஒரு படத்திலும் இருக்கமாட்டான்.

போர் முடிவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து வயதான என் மகள் மாலினி அந்தக் கேமராவைக் கேட்டு அடம்பிடித்ததால், மூவரும் உக்குவளை ரயில் பாதைக்குப் போனோம். தண்டவாளத்தோரம் ரவியை நடக்கவிட்டு அவள் எடுத்தாள்.

"மாமா, சிரிக்காம நடங்க! கேமராவப் பாக்காதீங்க!"

"சரிங்க டிரெக்டரம்மா. இன்னும் எத்தன தரம்? கல்யாண மாப்பிள்ளகூட இவ்வளவு நடக்கமாட்டான்."

நாலு தடவை நடக்கவிட்டாள். நான் அவனைப் பார்க்கவில்லை. பாலத்தருகே துவக்கோடு நின்ற 'ஆமிக்காரனை'யே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் எங்களையே பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும், "அந்தாளும் பாலமும் டேப்புல இருக்கு. தேடி வந்து பாத்தா நம்ம கதி என்னடா? இப்பவே அழி" என்றேன்.

"அக்கா, புள்ள ஆசையா எடுத்ததுக்கா" என்று கெஞ்சினான்.

நான் விடவில்லை. லென்ஸ் மூடியைப் போட்டு, அதே டேப்பின்மேல் ஒரு மணித்தியாலம் வெறும் இருட்டைப் பதிய ஓடவிட்டான். முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாலினி அன்றிரவு சாப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து, கேமராவைப் பழுதுபார்க்கக் கொழும்புக்குப் போன ரவி திரும்பி வரவில்லை. நாங்கள் ஏறி இறங்காத பொலிஸ் நிலையமில்லை.

இப்போது பாலத்தருகே காவல் இல்லை. இரண்டு குறும்படங்கள் எடுத்துவிட்ட மாலினி முதல் பெரிய படத்தைத் தொடங்கியிருக்கிறாள். அவள் வேலைக்குப் போனால் திரும்பும்வரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அழிந்த அந்த நடையைத்தான் முதல் காட்சியாகத் திரும்ப எடுக்கப்போகிறாள். இன்றைக்கு மூன்று சட்டைகளைக் கட்டிலில் விரித்து, மாமா அன்று போட்டிருந்த நிறம் எது என்று கேட்டாள். அவளுக்கு நினைவிருப்பதெல்லாம் கேமராவுக்குள் பார்த்ததுதான். அந்தக் கேமராவின் கண்ணுக்குள் எல்லாமே கறுப்பு வெள்ளை.

"சொல்லுங்கம்மா, நாளைக்கு ஷூட்டிங்."

நீலம், பச்சை, கோடு போட்ட வெள்ளை. மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஞாபகமில்லை என்றேன். அன்று காலையில் அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவளே நான்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.