ஜூலியின் இருபத்தொரு நாள்

வேங்கிக்காலில் இருக்கும் மகள் வீட்டு நாய்க்கு இது முதல் பருவம். நாட்காட்டியில் இருபத்தொரு நாளுக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள் மகள். கடையில் வாங்கிய துணி ஜட்டி ஒன்றை நாய்க்கு மாட்டிவிட்டு, விடியற்காலையில் கயிற்றை என் கையில் கொடுக்கிறாள். வாசலில் வாசனைத் தடம் விழாமலிருக்கத் தெருமுனை வரை நாயைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். "ஞாபகம் இருக்குதாப்பா?" என்று தினமும் கேட்கிறாள். இந்த வயதில் எனக்கு எத்தனையோ மறந்துபோகிறது. இது மட்டும் மறக்காது.

அப்போது எனக்குப் பத்து வயது. செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் நிலமும் வீடும் இருந்தன. பின்கட்டில் தனியாக இருந்த ஓட்டு அறையில் ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு இருந்தார். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட என் அக்கா, மாலை வேளைகளில் அவரிடம் இங்கிலீஷ் படித்தாள். அப்பாவுக்கு அதில் அரை மனம்தான். அந்த அம்மா ஒரு மாதம் காசிக்குப் போனபோது, தன் பழுப்பு நிற நாய் ஜூலியை அக்காவிடம் ஒப்படைத்தார். கூடவே, அதற்குப் பருவம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு தாளும் எழுதிக் கொடுத்திருந்தார். அதை அக்கா யார் உதவியும் இல்லாமல் படித்துச் சொன்னாள். அப்பா ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல், "நாய ஒழுங்கா பாத்துக்கினேன்னா அந்தம்மா வந்ததும் மேல படி. எதுனா ஆச்சு, அத்தோட நின்னுடணும்" என்றார்.

அடுத்த வாரமே ஜூலிக்குப் பருவம் வந்தது. அக்கா அதை மாட்டுக்கொட்டகையில் கட்டி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அம்மா வேலியின் ஓட்டைகளை முள்ளால் அடைத்தாள். ஊரிலுள்ள ஆண் நாய்களெல்லாம் வேலிக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டன. அப்பா கம்போடு போய், "எத்தினி பேருடா மாப்பிள்ளையா வந்துகிறீங்க?" என்று விரட்டுவார். அவை பத்தடி தள்ளிப் போய் மறுபடி உட்காரும்.

எல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் பழைய காக்கிக் கால்சட்டையில் வாலுக்கு ஓட்டை வெட்டி அக்கா ஜூலிக்கு மாட்டிவிடும் வரை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் வேலியோரம் வந்து பார்த்தார்கள். "உன்னவிட அதுக்குத்தான்டா அந்த நிஜாரு நல்லா நிக்குது" என்றான் ஒருவன். இந்தப் பருவம் எப்போது தொலையும் என்று அன்று முதல் நாளை எண்ணத் தொடங்கினேன்.

பத்தாம் நாள் அக்காவுக்கும் வீட்டுக்குத் தூரமானது. எங்கள் வீட்டு வழக்கப்படி அவளும் அதே கொட்டகையின் மூலையில் பாய் போட்டுக்கொண்டாள். "எனக்கு மூணு நாளு, இவளுக்கு மூணு வாரம். குடுத்து வெச்சவ. ஒரு பாத்திரம் வெளக்க வேணாம்" என்று ஜூலியின் தலையைத் தடவினாள்.

மூன்று வாரம் என்பதை நான் நம்பவில்லை. மறுநாள் பார்த்தேன், ஜூலிக்குச் சொட்டுவது நின்றிருந்தது. எங்கள் வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியும். நின்றால் தலைக்குக் குளிக்க வேண்டும், குளித்தால் எங்கும் போகலாம். நின்ற பிறகுதான் ஜாஸ்தி கவனம் வேண்டும் என்று அந்தத் தாளில் இருந்ததாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

மத்தியானம் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் குளிப்பதற்காக வைத்திருந்த மஞ்சளை எடுத்து ஜூலிக்குப் பூசித் தொட்டியடியில் குளிப்பாட்டினேன். கால்சட்டையைக் கழற்றிக் கூரையில் செருகினேன். மஞ்சள் மணக்க மணக்க அதைக் கிரிவலப் பாதையில் நடத்திப் போனேன்.

அன்று பௌர்ணமி. வெளியூர்க்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முதலில் ஒரு நாய் பின்னால் வந்தது, பிறகு மூன்று, பிறகு ஏழு. "பாத்துக்கினியா, நாய்ங்ககூட வரிசையா மலைய சுத்துது" என்று ஒருவர் தன் மனைவியிடம் சொல்ல, அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வழியில் நிருதி லிங்கக் கோயில் வந்தது. சாமி எதிரில் ஒரு கையால் கும்பிடக் கூடாது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் குவித்துக் கண்ணை மூடி, புதுக் கால்சட்டை வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் சற்று நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது ஜூலியிடம் ஒரு கறுப்பு நாய் போய்ச் சேர்ந்திருந்தது. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "மறுக்கா கண்ண மூடிக்கினு ஊட்டுக்குப் போ, தம்பி" என்றாள்.

நான் ஓடி வந்துவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் ஜூலி தானாகவே வந்தது, மஞ்சள் நிறத்தில், ஏழு பேர் துணையோடு.

"கொட்டாய் கதவ யாரு தெறந்தது?" என்று அப்பா கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. அக்காவைப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்பாவும் அவளைப் பார்த்தார். கொட்டகையில் இருந்தவள் அவள். மஞ்சளும் அவளுடையது. அக்கா கூரையில் செருகியிருந்த கால்சட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான்தாம்பா. தாப்பா போட மறந்துட்டேன்."

இரண்டு மாதம் கழித்து ஐந்து குட்டிகள், ஐந்தும் கறுப்பு. வெள்ளைக்காரம்மா கோபிக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் தூக்கி முத்தம் கொடுத்தார். ஆனால் அப்பா சொன்ன சொல் சொன்னதுதான். அக்காவின் படிப்பு நின்றது. சொல்லிக்கொடுக்க ஒருவர் வீட்டிலேயே இருக்கும்போது வீணாகக் கூடாதென்று அப்பா அவள் இடத்தில் என்னை உட்கார வைத்தார். அந்த இங்கிலீஷை வைத்துத்தான் பிறகு கல்லூரிக்குப் போனேன், கலெக்டர் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தேன். அக்காவை அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்தார்கள்.

நேற்று போனில் அக்காவிடம் நாயைப் பற்றிச் சொன்னேன். எத்தனையாவது நாள் என்று கேட்டாள். பன்னிரண்டு என்றேன்.

"இன்னும் ஒம்போது நாளு இருக்குது. வழியில கோயிலு வந்தா கையெடுத்துக் கும்பிடாத."

கயிற்றை விட்டுவிட்டுக் கும்பிட்டதை இத்தனை வருடத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

"ரெண்டு கையும் சேத்துக் கும்புடுன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தானடா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அந்த ஓட்டு அறையில் நான் வாய்விட்டு இங்கிலீஷ் பாடம் படிக்கும்போதெல்லாம், ஜன்னலுக்கு வெளியே அக்கா ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாடம் முடிந்து எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள். நாலு குட்டிகளை ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். ஐந்தாவதும் ஒருநாள் போயிற்று. மறுநாளும் அவள் வெறும் மடியோடு அங்கே வந்து உட்கார்ந்தாள். குட்டி போன ஏக்கம் அக்காவுக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த பாடத்தைப் படித்தேன்.