மீன் லொறியும் வேகப் பலகையும்

நாச்சியா நப்லாவின் பெயரை முதலில் கேட்டது, ஏசுவதற்காகத்தான்.

கல்முனைக்குடியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், வருகிற வாகனத்தின் வேகத்தை இலக்கத்தில் காட்டும் பலகையொன்றை நட்டிருந்தார்கள். பள்ளிக்கூட நேரத்தில் முப்பது, மற்ற நேரம் ஐம்பது. அதற்கு மேல் போனால் இலக்கம் சிவப்பாகும். நாச்சியாவின் கணவர் முத்தலிப் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தாலும் நிறுத்தி, அது போகுமட்டும் பார்த்திருப்பார். அவருடைய வேனுக்குத்தான் ஒவ்வொரு காலையும் அறுபதுக்கு மேலே சிவப்பாக அடித்தது. வாசலில் நின்ற உம்மாமார் எல்லாரும் கண்டார்கள். ஒரு கிழமைக்குள் நாலு பிள்ளைகள் வேனை விட்டு நின்றுவிட்டார்கள்.

"உங்கட மனிசன் இந்த வயசுல றேஸ் பழகுறாரோ?" என்று பக்கத்து வீட்டு ஸுஹைறா மதிலால் எட்டிக் கேட்டாள்.

"அவர் றேசுக்குப் போனா, நடந்து போற ஆக்கள்தான் முதலாவதா வருவாங்க. அந்தப் பலகையப் பூட்டினது ஆரு?"

"நப்லாவாம். சாய்ந்தமருது அச்சிமுகம்மதுட மூணாவது மகள்."

"ஆரு, கிளியா?"

அச்சிமுகம்மது நாச்சியாவின் பெரியம்மா மகன். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்துப் போனவர். அந்த வீட்டில் எல்லாரும் கிளி என்றே கூப்பிட்டதால், பிள்ளையின் சொந்தப் பெயர் நாச்சியாவின் காதில் விழுந்ததேயில்லை. அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போனாள். நப்லா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"புள்ள, உன்ட பலகை பொய் சொல்லுது."

"பலகை பொய் சொல்லாது மாமி. நான்தான் என்னவும் பிழையாச் சொல்லிக் குடுத்திருப்பன். நாளைக்கு மாமாட வேன்ல நானும் வாறன்."

மறுநாள் நப்லா முன்சீட்டில் இருந்தாள். நாச்சியா பின்னால் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாள். வேனின் வேக முள் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பலகை கிட்ட வந்தது, அறுபத்தொன்று, சிவப்பு! அதே நேரம் எதிர்ப்பக்கத்தால் ஒலுவில் துறைமுகத்து மீன் லொறி இரைந்துகொண்டு போனது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

"இந்த லொறி ஒவ்வொரு நாளும் வாறதா மாமா?"

"ஓம் மகள். எனக்கும் அவனுக்கும் இந்த இடத்துலதான் ஸலாம்."

நப்லா சிரித்துவிட்டாள். பலகையிலுள்ள ராடார் வருகிற வாகனத்தையும் பார்க்கும், போகிற வாகனத்தையும் பார்க்கும். எந்தத் திசையைக் கணக்கில் எடுப்பது என்று பூட்டுகிறவர்தான் சொல்லிவைக்க வேண்டும். அவள் இரண்டையும் விட்டுவைத்திருந்தாள். வேகமாய்ப் போகிற லொறியின் இலக்கம், மெல்ல வருகிற முத்தலிப்பின் தலையில் விழுந்திருக்கிறது.

இறங்கியதும் உம்மாமாரைப் பார்த்து உரத்துச் சொன்னாள்: "பிழை என்னுடையது. மாமா வந்தது இருபத்தஞ்சுல."

பிறகு போனை எடுத்து, வருகிற வாகனம் மட்டும் என்று மாற்றினாள். முத்தலிப் வேனைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி வந்தார். எதிரே ஒரு பஸ் பறந்து போனது. பலகையில் இருபத்துநாலு.

"காக்கா, இன்னும் கொஞ்சம் மிதிக்கலாம்!" என்றாள் உம்மாமாரில் ஒருத்தி முத்தலிப்பிடம். வாசலே சிரித்தது.

திங்கட்கிழமை நாலு பிள்ளைகளும் திரும்ப வேனில் ஏறினார்கள்.

நப்லா இப்போது கலியாணம் முடித்து, சாய்ந்தமருதிலேயே உம்மா சீதனமாகக் கொடுத்த வீட்டில் இருக்கிறாள். கரையோரத்தில் பதினொரு பலகைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அதிலொன்று மீன் லொறி வருகிற பக்கம் பார்த்து நிற்கிறது.