பின்கதவில் பூட்டு இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். பயப்படாதீர்கள்... நான் ஒன்றும் செய்யவில்லை. குற்றத் தடுப்பு வாரமாம். மலையடிவார ஊர்களில் கொடுக்க ஒரு துண்டுப் பிரசுரம் தயாரித்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் நான் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

"சார் கோர்ட்டுல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவரு. உங்களுக்குத் தெரியாத நடைமுறையா?" என்றார்.

பென்ஷன்காரனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? மூக்குக்கண்ணாடியைத் துடைப்பான். துடைத்தேன்.

மொத்தம் பன்னிரண்டு அம்சங்கள். முதல் நான்கில் எழுத்துப் பிழைகள் மட்டும்தான். ஐந்தாவதில் பேனா நின்றுவிட்டது. 'வீட்டில் ஆள் இல்லை என்பதை வெளியே தெரியும்படி காட்டாதீர்கள்.'

நல்ல வாசகம். பிழை இல்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தேன்.

"என்ன சார், இதுதானே முக்கியமான பாயின்ட்?"

"காபி ஆறுது தம்பி" என்று பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளையின் உற்சாகத்தைக் கெடுப்பானேன்? உங்களிடம் சொல்லலாம். வாராவாரம் இந்தப் பத்தியில் என்னைப் பொறுத்துக்கொண்டு பழகியவர்கள் நீங்கள்.

எமர்ஜென்சி முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கும் ரிட்டயர்மென்ட் ஆகி அதே அளவு காலம். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு நின்றுவிடுகிற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் ஒத்தப்பலா என்றொரு குடியிருப்பு. இருபத்து மூன்று வீடுகள். எல்லாம் தகரக் கூரை, ஒரே வரிசை. சுற்றிலும் ஏலத்தோட்டம். என் மனைவி வழியில் வந்த இரண்டு ஏக்கர் அங்கே இருந்ததால் மாதம் ஒரு தடவை நானும் மூச்சிரைக்க ஏறுவேன்.

மலையில் இருந்தாலும் ஒத்தப்பலா ஒரு தீவு. மழை மாதங்களில் காலையில் எழுந்து பார்த்தால் கீழே போடி இருக்காது. அதற்கப்பால் தேனியும் இருக்காது. வெள்ளை வெளேரென்று மேகம்... கடைசி வீட்டு முற்றத்தில் வந்து மெல்ல முட்டும், பின்வாங்கும், மறுபடி முட்டும். அந்த வெண்மைக்கு அடியில் எங்கோ ஒரு ஜீப்பு ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்தை விட்டால், உலகம் என்று ஒன்று மிச்சமிருப்பதற்கு வேறு சாட்சியம் கிடையாது. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் எழுதிக் கிழித்த வழக்குகள், வாய்தாக்கள், வக்கீல்கள் எல்லாமே யாரோ கண்ட கனவாகத் தோன்றும்.

ஆனால், தீவுக்கும் திருடன் வருவான்.

ஆவணியில் எடுப்பு தொடங்கியது. ஏலக்காய் பறிப்பதை அங்கே எடுப்பு என்பார்கள். விடிந்ததும் ஊரே தோட்டத்துக்குள் இறங்கிவிடும். பொழுது சாயும்போதுதான் திரும்பும். அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் பித்தளைச் செம்பு போயிற்று. இன்னொரு வீட்டில் கம்பளி. இன்னொன்றில் டிரான்சிஸ்டர். வரிசையின் கடைசியில் தனியாக இருந்த செல்லம்மா வீட்டில் மட்டும் மூன்று தடவை.

செல்லம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளைப் போடியில் கட்டிக்கொடுத்திருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது அவர் வீட்டில் எடுத்துப் போக எதுவும் இல்லை. திருடன் சட்டியில் இருந்த சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தான்.

"தின்னுட்டு சட்டியக் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போயிருக்கான் சாரு! எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஒரு நாளு கழுவுனதில்ல" என்று என்னிடம் முறையிட்டார். இது புகாரா, பாராட்டா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கிடையே ஸ்டேஷனிலிருந்து சர்க்குலர் வந்தது. ஊருக்கு ஊர் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும். குழு என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். வேறு யார்?

நான் முதலில் கைவைத்தது இலையில்.

ஒத்தப்பலாவில் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டைச் சாத்திவிட்டு வெளியே போகிறவர்கள், இலையோடு ஒரு ஏலத்தண்டை ஒடித்து வாசற்படியில் குறுக்கே போட்டுவிட்டுப் போவார்கள். இலை பச்சையாக இருந்தால் இன்று காலை போயிருக்கிறார்கள். ஓரம் சுருண்டிருந்தால் நேற்று. பழுத்துக் காய்ந்து கிடந்தால் கீழே போடிக்குப் போய் நாளாகிறது. நடக்கும்போதே பார்த்துக்கொண்டு போவார்கள். காலண்டர் தேவையில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? புரட்டாசியில் ஊரைக் கூட்டினேன். கங்காணி முருகேசன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எடுப்பு ஆட்களை மேய்க்கிறவர். அந்த ஊரில் எதற்கும் அவர்தான் முதல் குரல்.

"முருகேசு, இந்த இலையப் பார்த்தா உங்களுக்கு என்ன தெரியுது?"

"வீட்ல ஆளு இல்லேன்னு தெரியுது சாரே."

"திருடனுக்கு?"

"அவனுக்கும் அதான் தெரியும். அவனுக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சிரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னேன். "அப்ப தினமும் காலையில திருடனுக்கு வெத்தல பாக்கு வச்சுட்டுத்தான் வேலைக்குப் போறீங்க."

கூட்டம் அசந்துவிட்டது. நானும் என் பேச்சில் கொஞ்சம் அசந்துதான் போனேன். ஏழு அம்சத் திட்டத்தை வாசித்தேன். இனி இலை கூடாது. முன்கதவை உள்ளே தாழிட்டு, பின்கதவு வழியாக வெளியே வந்து, அங்கே பூட்ட வேண்டும். கொடியில் ஒரு துணி எப்போதும் தொங்க வேண்டும். பாதையில் போகிற எவனுக்கும் எல்லா வீட்டிலும் ஆள் இருப்பதாகத் தோன்ற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தாரால் எண் எழுத வேண்டும்...

முருகேசன் தலையைச் சொறிந்தார். "அப்ப ஆளு இருக்க வீடு எது, இல்லாத வீடு எதுன்னு எங்களுக்கே தெரியாதே சாரே?"

"திருடனுக்கும் தெரியாது. அதுதான் வேணும்."

"அதுக்கில்ல... ஒரு ஆத்திர அவசரம்னா..."

செல்லம்மா எழுந்துவிட்டார். "அட, சாரு சொல்றபடி கேளுப்பா! சோறு போனது உன் வீட்லயா, என் வீட்லயா? நாளைக்கே போடிக்குப் போயி பூட்டு வாங்கியாறேன்."

"ஓன் வீட்டுச் சட்டியக் கழுவ ஆளு வர்றான், அதப் போயி பூட்டுப் போட்டுத் தடுக்குறியே ஆத்தா" என்றார் முருகேசன். கூட்டம் இன்னொரு முறை சிரித்துக் கலைந்தது.

செல்லம்மா மறுநாளே வாங்கிவிட்டார். உள்ளங்கை அகலப் பூட்டு. சாவியைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்தில் கோத்துக்கொண்டார்.

ஒன்றரை மாதம் ஒரு களவு இல்லை. மழை வலுத்ததால் திருடனாலும் ஏற முடியவில்லை என்பது என் இன்றைய கருத்து. அன்றைக்கு நான் அப்படி நினைக்கவில்லை.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் மத்தியானம், திட்டத்தை ஆய்வு செய்ய நோட்டும் பேனாவுமாக ஏறினேன். ஊர் எடுப்புக்குப் போயிருந்தது. மழை சற்று விட்டிருந்தது. மேகம் வரிசைக்குள் புகுந்து, வீடு வீடாகத் தடவிப் பார்த்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தது. எல்லாக் கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. எல்லாக் கொடியிலும் துணி. ஒரு படியிலும் இலை இல்லை. ஒரு ஊர் முழுக்க உள்ளே படுத்து மத்தியானத் தூக்கம் தூங்குவது போலிருந்தது. தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர்... அடித்தண்டு நனைந்த செடிகளின் வாசனை... எங்கோ ஒரு கோழியின் முனகல். எது வீடு, எது மேகம் என்று தெரியாத அந்த வெளிச்சத்தில், என் திட்டம் எனக்கே மிக அழகாகத் தெரிந்தது.

பின்பக்கம் போய்ப் பூட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். நான்காம் எண்ணில் பூட்டு துருப்பிடித்திருந்தது; குறித்தேன். பதினாறில் சாவி பூட்டிலேயே தொங்கியது, குறித்தேன். கடைசி வீடு, இருபத்து மூன்று. கதவு சாத்தியிருந்தது. பூட்டு இல்லை.

செல்லம்மாவுமா! முதல் ஆளாகப் பூட்டு வாங்கியவரா?

"இருபத்து மூன்று. பூட்டு இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன். கதவைத் தள்ளிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது இந்திய தண்டனைச் சட்டம் நானூற்று நாற்பத்தெட்டு. தள்ளவில்லை.

பொழுது சாய ஊர் திரும்பியது. காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் கூடினார்கள். அதன் சுவர் சூடாக இருக்கும். நனைந்தவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் விதிமீறல் பட்டியலை வாசித்தேன். நான்கு. பதினாறு. கடைசியாக...

"வீட்டு எண் இருபத்து மூன்று, செல்லம்மா. பின்கதவில் பூட்டு இல்லை. எங்க அவங்க? கூட்டத்துக்கும் வரலியா?"

"மக வீட்டுக்குப் போயிருக்கும் சாரே" என்றார் முருகேசன். "போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. ரெண்டு நாளா ஆளக் காணல."

"ஊருக்குப் போறவங்க இப்படிப் பூட்டாமயா போவாங்க?"

சுவரிலிருந்து முதுகை எடுத்தார் அவர். "நில்லுங்க. பூட்டே இல்லியா? சும்மா சாத்திக் கெடந்துச்சா?"

"அதைத்தான் சொல்றேன். விதிமீறல்."

"என்ன மீறலு! சாவியக் கழுத்துல போட்டுக்கிட்டுத் தூங்குற மனுசி சாரே அது. பூட்டாம எங்கிட்டுப் போகும்? ஏலேய்... ஆத்தா உள்ளதான்டா இருக்கு!"

ஓடினார்கள். நானும் ஓடினேன். பின்கதவும் உள்ளே தாழிட்டிருந்தது. உடைக்குமுன் இரண்டு சாட்சிகளாவது வேண்டும் என்று சொல்ல நான் வாயெடுத்தது உண்மை. அதற்குள் முருகேசன் தோளால் மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டார்.

அடுப்படியில் கிடந்தார் செல்லம்மா. முந்தின நாள் விடியற்காலையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து நகர முடியவில்லை. தண்ணீர்க் குடம் எட்டாத தூரத்தில். கூரை ஒழுகிய இடம் மட்டும் கைக்கு எட்டியிருக்கிறது. முந்தானையை அங்கே விரித்து, நனைந்ததும் எடுத்துச் சப்பியிருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார். தகரத்தில் மழை அடிக்கும்போது யார் காதில் விழும்?

கண் அசைந்தது. உயிர் இருந்தது.

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் பின்னால் டார்ச்சு பிடித்துக்கொண்டு. மேகத்துக்குள் இறங்குவது தண்ணீருக்குள் இறங்குவது மாதிரிதான். முன்னால் போகிற முதுகுகள் கரைந்து கரைந்து தெரிந்தன. தோள் மாற்றிக்கொண்ட ஒரு வளைவில் முருகேசன் என் பக்கத்தில் வந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எலை கெடந்தா ஆளு இல்ல, அந்த வீட்டப் போற வர்றவுக பாத்துக்கணும். எலையும் இல்ல, ஆளும் வெளிய வரலேன்னா, போயி கதவத் தட்டணும். அம்புட்டுத்தான் சாரே எங்க வழக்கம். அன்னைக்கே சொல்ல வந்தேன்... சொல்லத் தெரியல."

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஒரு தரப்பை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது கோர்ட்டில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்.

மறுவாரமே ஒத்தப்பலாவின் படிகளில் இலை கிடந்தது. யாரும் தீர்மானம் போடவில்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. என் ஏழு அம்சங்களில் தார் எண்கள் மட்டும் மிஞ்சின. அதுவும் மழையில் அழியாததால்.

ஐந்தாறு நாள் கழித்துப் போடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"உக்காருங்க சாரு. வீட்ல ஒண்ணும் களவு போகலியே?"

"இல்லம்மா."

"எப்படிப் போகும்? நான்தான் உள்ளயே காவலுக்குக் கெடந்தேனே." சிரிக்கப் பார்த்து, வலியில் முகத்தைச் சுளித்தார்.

"என்னை மன்னிக்கணும். அன்னைக்கு மத்தியானம் நான் உங்க பின்வாசல் வரைக்கும் வந்தேன்..."

"தெரியும் சாரு."

"தெரியுமா?"

"கேட்டுச்சு. கூப்புடத்தான் பாத்தேன், தொண்டையில சத்தம் எந்திரிக்கல. 'இருபத்து மூணு, பூட்டு இல்ல'ன்னு சொல்லி எழுதுனீக. பொறவு செருப்புச் சத்தம் தேஞ்சு போச்சு."

ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை. வெள்ளையாக எதுவோ நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பப் பயந்திருப்பீங்க" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நீங்க வர்ற வரைக்கும் பயந்துக்கிட்டுத்தான் கெடந்தேன். பொறவு இல்ல. சாரு எழுதிக்கிட்டுப் போறாருல்ல... எழுதுனத யாராச்சும் வாசிப்பாக, வாசிச்சா வந்துருவாகன்னு தெம்பா இருந்தேன்."

கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் எழுதியவன் நான். அதை யாராவது வாசிப்பார்கள் என்று எனக்கே ஒருநாளும் தோன்றியதில்லை.