மைக் கோகிலா கையில்

விளையாட்டு நிகழ்ச்சி எடுக்கிறவன் ஓரிடத்தில் உட்கார்ந்து எந்த ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் வீடியோ எடுத்தவர்கள் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும்.

நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே மாணவர்களே நடத்திய டிவியில் வெள்ளிக்கிழமைதோறும் 'ஆட்டக்களம்' வரும். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், அது தெரிந்தது விடுதி மெஸ்ஸிலும் அலுவலக வரவேற்பறையிலும் மட்டும்தான். சீனியர்கள் இரவல் கேமராவில் ஆரம்பித்தது, மூன்றாம் ஆண்டில் என் தலையில் விழுந்தது.

மெஸ்ஸில் முதல் நாள்

என் முதல் நிகழ்ச்சி, பள்ளிபாளையம் போய் வாலிபாலில் தோற்று வந்த கதை. பசங்க சாப்பிட்டார்கள், நான் தட்டைக்கூடத் தொடாமல் டிவிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பாதியில் திரையில் சீரியல் வந்தது. ரிமோட் சமையல் மாஸ்டர் கையில்.

"ஏனுங்க தம்பி, தோக்கறதைப் பாத்தா பசங்க குழம்பையும் சேத்துத் திட்டறாங்க. ஜெயிச்சா சொல்லுங்க, போடறேன்."

தறி வீட்டுக் குரல்

வர்ணனை செய்துகொண்டிருந்தவன் பரீட்சைக்குப் பயந்து விலகிவிட்டான். யார் யாரையோ பேச வைத்துப் பார்த்தோம், தேறவில்லை. கடைசியில் வந்தவள் கோகிலா, ஜலகண்டாபுரத்துப் பெண், இரண்டாம் ஆண்டு ஜவுளித் துறை. "போறாங்க... தொட்டுட்டாங்க... ஐயோ, காலைப் புடிச்சுட்டாங்க!" என்று எதிரணிக்கும் மரியாதை குறையாமல் அவள் கபடி சொன்னபோது, மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியோடு நின்றுவிட்டார். ஏம்மா இவ்வளவு சத்தம் என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசுனா எங்கூட்டுல ஆருக்குங்ண்ணா கேக்கும்? நாளெல்லாம் தறி ஓடுமில்ல!"

இங்கிலீஷ் உத்தரவு

அட்மிஷனுக்கு வந்த பெற்றோர் வரவேற்பறையில் கோகிலாவைக் கேட்டுச் சிரித்தார்களாம். துணை முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பெண்கள் கபடி அரையிறுதிக்கு ஆங்கிலத்தில் வர்ணனை வேண்டும், இல்லாவிட்டால் நிகழ்ச்சியே வேண்டாம் என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. கோகிலா பழைய ஆட்டங்களைப் போட்டுப் போட்டுப் பேசிப் பழகினாள். எப்படிப் போகுது என்று கேட்டேன்.

"வார்த்தை வருதுங்ண்ணா. ஆனா ஆட்டம் முடிஞ்சப்புறம் வருது."

அரையிறுதி

எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். வர்ணனை ஒலிபெருக்கியிலும் போனது. கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கேப்டன் வானதி, கோகிலாவின் விடுதித் தோழி, எதிரணியில் பாடி வந்தவளைப் பிடிக்கப் பாய்ந்து, பிடி கிடைக்காமல் முழங்கால் மடங்கி விழுந்தாள். இடைவேளை கொடுத்தார்கள். கோச், "அடுத்துப் பாட நீயே போறியா?" என்றார். "போறேன் சார்" என்று எழுந்தாள். என் கேமராத் திரையில் அவள் விழுந்ததை மறுபடி ஓட்டினேன். முழங்கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. பக்கத்தில் கோகிலாவும் பார்த்தாள். அதுவரை தட்டுத்தடுமாறிப் பேசிய ஆங்கிலம் அப்படியே நின்றது.

"வானதி, போகாதடி! காலு போயிரும், உக்காருடி!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. நடுவர் வந்து முழங்காலைத் தொட்டார், வானதி அலறினாள். அவளை வெளியே அனுப்பி மாற்று ஆட்டக்காரியை இறக்கினார்கள். பாடப் போன அந்தப் பெண் நடுக்கோட்டைத் தாண்டியதும் பிடிபட்டாள். தோற்றோம்.

மறுநாள் துணை முதல்வர் அறை. நிகழ்ச்சி போயிற்று என்றே நின்றேன். கோகிலா அழாமல் இருக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"இனிமே தமிழ்லயே பேசும்மா. ஆனா ஆட்டத்தைப் பத்திப் பேசு, ஆடறவங்ககிட்டப் பேசாதே."

வானதி

தசைநார் பாதி கிழிந்திருந்தது. இன்னொரு தரம் ஓடியிருந்தால் முழுசாகப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். ஆனாலும் வானதி கோகிலாவோடு பேசவில்லை. ஒரே விடுதி, ஒரே மாடி. எதிரே வந்தால் திரும்பிக்கொள்வாள். கோகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் இருவருக்கும் நடுவே தூது போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

ஒரு சாயங்காலம் வானதி முழங்கால் பட்டையோடு எங்கள் எடிட்டிங் அறைக்கு வந்தாள். அந்தக் கடைசி நிமிடத்தைப் போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு கோகிலா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது சரிதாண்டி. ஆனா நான் போயிருந்தா ஜெயிச்சிருப்போம்."

மொத்தத்தில் எங்கள் காலத்தில் கல்லூரிக்கு ஒரு கோப்பையும் வரவில்லை என்றாலும், வராமல் போன ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் தெளிவான வீடியோ இருக்கிறது.